மீட்டிங்ல யாரும் வாய் திறக்கலைன்னா எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தமா?

1/
ஆபீஸ் மீட்டிங் முடியுற நேரம். மேனேஜர் சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டு, "யாருக்காவது வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்பார். எல்லாரும் நோட்டை மூடுவாங்க. "சரி, அப்போ எல்லாருக்கும் ஓகே"ன்னு அவரும் எழுந்துடுவார். இதை நீங்களும் நூறு தடவை பார்த்திருப்பீங்க.

1986 ஜனவரி 27 ராத்திரி இதே கேள்வியை ஒருத்தர் போன்ல கேட்டார். இதே அமைதிதான் பதிலா வந்தது. மறுநாள் காலை ஏழு பேர் செத்துப் போனாங்க.

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்ச கதை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கிளம்பி 73-வது வினாடியில் வானத்திலேயே சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேரில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப் போறாங்கன்னு, 11,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதனால் அமெரிக்கா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் டிவி முன்னாடி உட்கார்ந்து நேரலையில் பார்த்துக்கிட்டிருந்தார்கள்.

காரணம் என்னன்னு கேட்டா "ஓ-ரிங்"னு சொல்வாங்க. அது பாதிக் கதை. மீதிப் பாதி அதுக்கு முந்தின நாள் ராத்திரி நடந்த ஒரு போன் மீட்டிங்.

3/
முதல்ல ஓ-ரிங் என்னன்னு பார்த்துடுவோம். வீட்டுக் குக்கர்ல கேஸ்கட் இருக்குல்ல, அதேதான். ஓடத்தின் இரண்டு பக்கமும் இருந்த பெரிய திட எரிபொருள் ராக்கெட்டுகள் ஒரே குழாயாகச் செய்யப்படவில்லை. யூட்டா மாநிலத்தில் மார்ட்டன் தயோகால் என்ற கம்பெனி துண்டு துண்டாகச் செய்து ரயிலில் அனுப்பியது. புளோரிடாவில் அந்தத் துண்டுகளைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சூடான வாயு வெளியே கசியாமலிருக்க இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கும். சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன். அவ்வளவுதான்.

ராக்கெட் பற்றவைத்த நொடியில் உள்ளே அழுத்தம் ஏறி, இணைப்பு லேசாக விரிந்து கொடுக்கும். அந்த இடைவெளியை ரப்பர் உடனே பிதுங்கி அடைக்கணும். நொடியில் ஒரு பங்கு தாமதமானாலும் வாயு வெளியே வந்துடும். குளிர்ல ரப்பர் விறைச்சுப் போகும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிச்சது.

4/
இது கம்பெனிக்குத் தெரியாத ரகசியம் இல்லை. 1985 ஜனவரியில் ஒரு குளிர் நாளில் ஏவிய ராக்கெட்டை மீட்டுப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்து கருகிய தடம் இருந்தது. அன்றைக்கு இணைப்பின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 12 டிகிரி செல்சியஸ்.

தயோகால் பொறியாளர் ரோஜர் போஜலி 1985 ஜூலை 31 அன்று தன் மேலதிகாரிக்கு எழுத்து மூலமாகவே எச்சரித்தார். இதைச் சரி செய்யலைன்னா மனித உயிர்கள் போகும் அளவுக்குப் பேரழிவு வரும் என்று பூசி மெழுகாமல் எழுதினார். அவருடைய சக ஊழியர் பாப் எபிலிங் அக்டோபரில் எழுதிய குறிப்பின் முதல் வார்த்தையே "உதவி!" என்பதுதான்.

கீழே இருக்கிறவங்க சொல்லலைன்னு யாரும் சொல்ல முடியாது.

5/
1986 ஜனவரி 27. மறுநாள் காலை புளோரிடாவில் உறைநிலைக்குக் கீழே குளிர் போகும்னு வானிலை அறிக்கை வந்தது. அவ்வளவு குளிரில் எந்த ஓடமும் பறந்ததே இல்லை. எபிலிங் பதறிப் போய் மற்றவர்களுக்குச் சொல்ல, அன்று இரவே மூன்று ஊர்களை இணைத்து ஒரு தொலைபேசி மாநாடு கூடியது. யூட்டாவில் தயோகால் பொறியாளர்களும் மேலாளர்களும். அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம். புளோரிடாவில் ஏவுதள அதிகாரிகள்.

பொறியாளர்கள் அவசரமாகக் கையால் எழுதிய 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். முடிவு தெளிவு: 53 டிகிரிக்குக் கீழே ஏவாதீங்க. கம்பெனியின் பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டும் அதையேதான் சொன்னார்.

6/
நாசா பக்கம் இதை ரசிக்கவில்லை. இந்தப் பயணம் ஏற்கனவே பல முறை தள்ளிப் போயிருந்தது. 1985-ல் ஒன்பது முறை ஓடங்கள் பறந்திருந்தன. இலக்கோ வருஷத்துக்கு 24. மார்ஷல் மையத்தின் ராக்கெட் திட்ட மேலாளர் லாரன்ஸ் மல்லாய், "அப்போ எப்பதான் ஏவச் சொல்றீங்க, அடுத்த ஏப்ரல்லயா?" என்கிற பொருளில் கேட்டார். இன்னொரு மூத்த அதிகாரி, இந்தப் பரிந்துரையைக் கேட்டு அதிர்ச்சியாக இருக்கு என்றார்.

கவனிங்க. யாரும் "வாயை மூடு"ன்னு சொல்லலை. யாரும் மிரட்டலை. "ஆதாரம் காட்டு"ன்னுதான் கேட்டாங்க. கேட்கிறதுக்கு ரொம்ப நியாயமா, அறிவியல்பூர்வமா இருக்குல்ல?

7/
இங்கதான் விஷயம் தலைகீழாச்சு. வழக்கமா ராக்கெட் ஏவும் முன்னாடி கேட்கும் கேள்வி "இது பாதுகாப்பானதுன்னு நிரூபி." அன்னைக்கு ராத்திரி கேட்ட கேள்வி "இது ஆபத்தானதுன்னு நிரூபி."

ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். இல்லவே இல்லை. சந்தேகம் இருந்தா, முதல் கேள்வியில் ராக்கெட் நிற்கும். அதே சந்தேகத்தோட ரெண்டாவது கேள்வியில் ராக்கெட் பறக்கும். போஜலியிடம் எண்களைக் கேட்டார்கள். அவரிடம் எண் இல்லை. இது நல்லதுக்கு எதிர்த்திசையில் போகுதுன்னு மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது.

8/
நேர்மையா ஒண்ணு சொல்லணும். பொறியாளர்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. ரப்பர் பாதிக்கப்பட்ட பயணங்களின் வெப்பநிலையை மட்டும்தான் அவங்க பார்த்தாங்க. அதில் குளிர் நாளும் இருந்தது, வெயில் நாளும் இருந்தது. "பாருங்க, வெயில்லயும்தான் கருகியிருக்கு"ன்னு எதிர்த் தரப்பு சொல்ல வசதியாப் போச்சு.

பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து ஒரே தாளில் போட்டிருந்தா படம் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். இணைப்பின் வெப்பநிலை 63 டிகிரியோ அதுக்குக் கீழேயோ இருந்த நான்கு பயணங்களிலும் பாதிப்பு. அதுக்கு மேலே பறந்தவற்றில் பெரும்பாலானவை சுத்தம். விபத்துக்கு அப்புறம் விசாரணைக் குழு இதைத்தான் எடுத்துக் காட்டியது.

ஆனா மூணு ஊர்ல அத்தனை நிபுணர்கள் லைனில் இருந்தும், "நல்லபடியா போன பயணங்களையும் காட்டுங்க, சேர்ந்து பார்ப்போம்"னு கேட்க ஒருத்தருக்கும் தோணலை.

9/
தயோகால் தரப்பு "அஞ்சு நிமிஷம் கொடுங்க, நாங்க பேசிட்டு வரோம்"னு சொல்லி லைனை மியூட் செய்தது. அஞ்சு நிமிஷம் அரை மணி நேரம் ஆச்சு.

மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன், இனி இது நிர்வாக முடிவு என்றார். போஜலியும் ஆர்னி தாம்சன் என்ற இன்னொரு பொறியாளரும் விடவில்லை. தாம்சன் எழுந்து போய் மேலாளர்கள் முன்னாடி படம் வரைந்து காட்டினார். போஜலி கருகிய வளையங்களின் புகைப்படங்களை மேஜையில் போட்டார். மேலாளர்கள் முகத்தில் சலனம் இல்லை. இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் மேசன் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போடும்படி சொன்னார். நான்கு மேலாளர்கள் முடிவெடுத்தார்கள். அதே அறையில் இருந்த பொறியாளர்களிடம் யாரும் கேட்கவில்லை.

10/
லைன் திரும்ப வந்தது. தயோகால் மேலாளர் ஜோ கில்மின்ஸ்டர் புதுப் பரிந்துரையைப் படித்தார்: ஏவலாம். நாசா தரப்பில் யாரும் "அரை மணி நேரத்துக்கு முன்னாடி வேண்டாம்னீங்களே, என்ன மாறுச்சு?"ன்னு கேட்கலை. பிடிச்ச பதில் வந்தா நாம யாரும் ஆதாரம் கேட்கிறதில்லை.

பிறகு மார்ஷல் மையத்தின் ஸ்டான்லி ரெய்னார்ட்ஸ், லைனில் இருக்கும் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டார்.

அமைதி.

நியாயப்படி பார்த்தா அவர் கேட்டுட்டார். நடைமுறை சரி. ஆனா அரை மணி நேரம் கத்திப் பார்த்து, தன் முதலாளிகள் நாலு பேர் முடிவெடுத்ததைக் கண்ணால் பார்த்த ஒரு பொறியாளர், வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருக்கும் லைனில் "என் கம்பெனி தப்பு சொல்லுது"ன்னு சொல்லுவாரா? நீங்க சொல்லுவீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. நான் சொல்லியிருப்பேனான்னு எனக்கே சந்தேகம்தான்.

11/
ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். புளோரிடாவில் தயோகாலின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்ட். கடைசியில் கில்மின்ஸ்டர் யூட்டாவிலிருந்தே கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார்.

இன்னொரு கொடுமை இருக்கு. ஏவலாமா வேண்டாமா என்று இறுதியாக முடிவெடுக்கும் நாசாவின் உயரதிகாரிகளுக்கு, இப்படி ஒரு விவாதம் நடந்ததே சொல்லப்படவில்லை. ஒவ்வொரு படியிலும் செய்தி கொஞ்சம் கொஞ்சமா மென்மையாகி, மேல் படிக்குப் போகும்போது ஒண்ணுமே மிச்சமில்லை.

12/
ஜனவரி 28 காலை ஏவுதளமெங்கும் ஐஸ் தொங்கியது. 11.38-க்குச் சேலஞ்சர் கிளம்பியது. யூட்டாவில் போஜலியும் எபிலிங்கும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராக்கெட் தளத்தை விட்டுக் கிளம்பும்போதே வெடிக்கும்னு பயந்தவங்க, அது மேலே ஏறியதும் நிம்மதியானாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு அந்தப் புகை மண்டலம்.

வலது ராக்கெட்டின் இணைப்பு. அதே ரப்பர் வளையம்.

13/
விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், ஒரு ரப்பர் துண்டைக் கிளிப்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு, அது குளிரில் பழைய வடிவத்துக்குத் திரும்பாததை டிவி கேமராக்கள் முன்னாடி காட்டினார். அந்தக் காட்சி எல்லாருக்கும் தெரியும். அவர் எழுதிய பின்னிணைப்பு அவ்வளவா பேசப்படலை.

ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று அவர் விசாரித்தார். பொறியாளர்கள் சொன்னது சுமார் 100-ல் 1. நிர்வாகம் சொன்னது 1,00,000-ல் 1. ஒரே நிறுவனம், ஒரே ராக்கெட், ஆயிரம் மடங்கு வித்தியாசம். கடைசியில் 135 பயணங்களில் இரண்டு ஓடங்கள் அழிந்தன. யார் கணக்கு சரின்னு நீங்களே பார்த்துக்கோங்க.

14/
இணைப்பை மறுபடி வடிவமைத்தார்கள். மூணாவது வளையம் சேர்த்தார்கள், குளிராமல் இருக்க ஹீட்டர் வைத்தார்கள். 1988 செப்டம்பர் 29 அன்று ஓடங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்தன. ரப்பர் பிரச்சினை இரண்டரை வருஷத்தில் தீர்ந்தது.

கேட்கிற பிரச்சினை தீரலை. அது எப்படித் தெரியும்னா, அடுத்த பெயர் நமக்கு நெருக்கமானது: கல்பனா சாவ்லா.

15/
2003 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நம்ம ஊர்ல மாலை ஏழரை மணி. கொலம்பியா ஓடம் பூமிக்குத் திரும்பும்போது டெக்சாஸ் வானத்தில் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா உட்பட ஏழு பேர். அன்னைக்கு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம்.

ஜனவரி 16 அன்று கிளம்பிய 82-வது வினாடியிலேயே, எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. மறுநாளே வீடியோவில் பார்த்துவிட்டார்கள். பொறியாளர் ராட்னி ரோச்சாவும் அவருடைய குழுவும், சுற்றுப்பாதையில் இருக்கும்போதே இறக்கையைப் படம் எடுக்க ராணுவத்தின் உதவியைக் கேளுங்கள் என்றார்கள். கோரிக்கைகள் நிறுத்தப்பட்டன. முந்தைய பயணங்களிலும் நுரை விழுந்திருக்கு, ஒண்ணும் ஆகலையே என்ற எண்ணம்தான் மேலே இருந்தது.

ரோச்சா கோபமாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். மேலே அனுப்பவில்லை. அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களிடம் பேசும் இடத்தில் தான் இல்லை என்று நினைத்தார்.

16/
கொலம்பியா விசாரணைக் குழு 2003 ஆகஸ்ட்டில் அறிக்கை தந்தது. படித்தால் வயிறு கலங்கும். 17 வருஷத்துக்கு அப்புறமும் பொறியாளர்கள் அதே இடத்தில் நின்றிருந்தார்கள்: பாதுகாப்பானது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, ஆபத்தானது என்று இவர்கள்தான் நிரூபிக்கணும். அதுக்குத் தேவையான படத்தையும் எடுக்க விடவில்லை. ஆதாரம் கேட்டவங்களே ஆதாரத்துக்கான வழியையும் அடைச்சுட்டாங்க.

இரண்டு விசாரணைக் குழுவிலும் இருந்தவர் விண்வெளி வீராங்கனை சாலி ரைட். சேலஞ்சரின் எதிரொலி கேட்குதுன்னு அவருக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்?

17/
"டாக்டர், நீங்க ஏன் ராக்கெட் கதை சொல்றீங்க?"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

பல வருஷத்துக்கு முன்னாடி, நான் ஜூனியர் டியூட்டி டாக்டர். ராத்திரி 2 மணி. குடல் ஆபரேஷன் முடிஞ்சு நாலாவது நாள் நோயாளி ஒருத்தர். வார்டு சிஸ்டர் போன் பண்ணாங்க. "சார், அவர் பார்க்க நல்லா இல்ல. ஒரு தடவை வந்து பாருங்க."

"பி.பி. எவ்வளவு சிஸ்டர்?" "110-க்கு 70 சார்." "பல்ஸ்?" "104." "ஆக்சிஜன்?" "96." "எல்லாம் ஓகேதானே. என்ன நல்லா இல்ல?" "சொல்லத் தெரியல சார். முகமே சரியில்ல." "வாட்ச் பண்ணுங்க சிஸ்டர். ஏதாவது மாறினா சொல்லுங்க."

அஞ்சு மணிக்கு பி.பி. 80. குடல் தையல் விட்டுப்போய் உள்ளே கசிவு, ரத்தத்தில் தொற்று. அவசரமா மறு ஆபரேஷன், அப்புறம் பல நாள் ஐ.சி.யூ. பிழைச்சுட்டார். அது எங்க சீஃபோட கை, அவரோட அதிர்ஷ்டம். என் பங்கு அதுல ஒண்ணுமில்ல.

18/
நான் சிஸ்டரைத் திட்டலை. மரியாதையாத்தான் பேசினேன். ஆனா 25 வருஷ அனுபவத்தில் அந்தம்மா பார்த்த ஒரு முகத்தை நான் எண்ணா மாத்தித் தரச் சொன்னேன். எண் இல்லைன்னதும் விஷயமே இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். மல்லாய் கேட்ட அதே கேள்விதான். "ஆபத்துன்னு நிரூபி."

மறுநாள் சிஸ்டர் என்கிட்ட வந்து சொன்னது இன்னும் காதுல இருக்கு. "நான் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கணும் சார்."

தப்பு பண்ணது நான். மன்னிப்பு கேட்டது அவங்க.

19/
பாப் எபிலிங்கும் இப்படித்தான். சேலஞ்சருக்கு அப்புறம் 30 வருஷம், நான் இன்னும் சரியாக வாதாடியிருக்கணும் என்ற குற்ற உணர்ச்சியிலேயே வாழ்ந்தார். 2016 ஜனவரியில் வானொலிப் பேட்டியில் அதைச் சொன்னபோது, கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்: நீங்க சொன்னீங்க, அவங்கதான் கேட்கலை. அதே ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

கீழே இருக்கிறவங்க தைரியமா பேசணும்னு நாம நிறைய அறிவுரை சொல்றோம். இந்தக் கதையில் தைரியத்துக்குப் பஞ்சமே இல்லை. எழுதினாங்க, படம் வரைஞ்சாங்க, கையெழுத்து மறுத்தாங்க. குறை கேட்கிற பக்கம்தான் இருந்தது.

20/
மருத்துவமனைகள் இதிலிருந்து கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கு. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டு வந்தது. கத்தி வைக்கும் முன்னாடி அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் வாய் திறந்து சொல்லணும். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனா ஒரு தடவை வாய் திறந்தவங்களுக்கு ரெண்டாவது தடவை திறக்கிறது சுலபம்.

புது டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில், பட்டியல் வந்த பிறகு இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. எல்லாமே பெயர் சொன்னதால மட்டும் வந்ததுன்னு சொல்ல மாட்டேன். பட்டியலில் வேற பல அம்சங்களும் இருக்கு. ஆனா பேச வைக்கிறதும் அதுல ஒரு மருந்து.

21/
உங்களுக்குக் கீழே ஒருத்தர் வேலை செஞ்சாலும், கடையோ பள்ளியோ ஐ.டி. டீமோ, நாளைக்கே செய்யக்கூடிய நாலு விஷயம்:

ஒண்ணு, "எல்லாருக்கும் ஓகேவா?"ன்னு கேட்காதீங்க. "இதுல என்ன தப்பாப் போகலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேளுங்க.

ரெண்டு, உங்க கருத்தைக் கடைசியில சொல்லுங்க. இருக்கிறதிலேயே ஜூனியர் முதல்ல பேசட்டும்.

மூணு, சந்தேகம் வந்தா நிரூபிக்கிற வேலை "போகலாம்"னு சொல்றவங்களோடது. "நிறுத்துவோம்"னு சொல்றவங்களோடது இல்ல.

நாலு, கெட்ட சேதி கொண்டு வந்தவருக்கு அடுத்த மாசம் என்ன ஆகுதுன்னு மொத்த ஆபீஸும் பார்த்துக்கிட்டிருக்கு. விசாரணைக் குழு முன்னாடி எழுந்து உண்மையைச் சொன்ன மெக்டொனால்டின் பதவியைக் கம்பெனி குறைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. அதே மெக்டொனால்ட்தான் பிறகு அந்த இணைப்பைச் சரி செய்யும் பணிக்குத் தலைமை தாங்கினார்.

22/
இன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு எந்த சிஸ்டராவது எனக்குப் போன் பண்ணி "பார்க்க நல்லா இல்ல சார்"னு சொன்னா, நான் பி.பி. கேட்கிறது செருப்பை மாட்டிக்கிட்டே. பல தடவை போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. "சாரி சார், வீணா எழுப்பிட்டேன்"பாங்க.

"நல்ல வேளை கூப்பிட்டீங்க சிஸ்டர். அடுத்த தடவையும் கூப்பிடுங்க." இதைச் சொல்லிட்டுத்தான் திரும்பி வருவேன். அடுத்த தடவை ஒண்ணு இருக்கும்.